இராக்லிஸ் வெளியே வந்த நாள்

லாரியில் பழப்பெட்டி ஏற்றுவதில் இராக்லிஸை மிஞ்ச, கிரேக்கத்தின் செரஸ் பக்கத்தில் ஆளில்லை. பெயர் அப்படி. வெறுங்கையால் சிங்கத்தைக் கொன்ற பழைய வீரனின் பெயரை வைத்துக்கொண்டு ஒல்லியாக இருக்க முடியுமா என்று ஊர் கேலி பேசும். ஆனால் அதே கைகள்தான், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, மாவு அடுக்குகளுக்குள் கீரையை வைத்துச் சுடும் பிட்டாவுக்கு மாவு தேய்க்கும். ராணுவச் சமையலறையில் கற்ற வேலை. அடுக்கடுக்காக, பின்னால் வைத்த செய்தித்தாளைப் படிக்கிற அளவுக்கு மெல்லிசு.

புகழ் மட்டும் மனைவி ஃபோதினிக்குப் போனது. மாவு தேய்ப்பது பெண்கள் வேலையாயிற்றே. காபிக்கடையில் தெரிந்தால் சாகும்வரை ஓட்டுவார்கள்.

"நீ செஞ்ச பிட்டாவுக்கு நான் எத்தனை நாள் பல்லைக் காட்டறது?" என்பாள் ஃபோதினி.

"இந்த ஒரு வருஷம்" என்பான். எல்லா வருஷமும் அதையே சொல்வான்.

ஊர் வழக்கப்படி ஜனவரி எட்டு, பெண்கள் ஆளும் நாள். காபிக்கடையும் சீட்டுக்கட்டும் தெருவும் அவர்களுக்கு. ஆண்கள் ஏப்ரன் கட்டி வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டும். தலையை வெளியே நீட்டினால் அந்தக் குளிரில் ஒரு வாளித் தண்ணீர். இராக்லிஸுக்குப் பிடித்த நாளே அதுதான். அன்று ஜன்னலைத் திறந்துவைத்தே மாவு பிசையலாம்.

அப்படிப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் எதிரே, காபிக்கடை வாசலில், மேசை போட்டார்கள். அன்றைய தலைவி, மருத்துவச்சி எலெங்கோ, இரண்டு கோப்பை சாராயம் உள்ளே போன குஷியில் கூவினாள்: "ஃபோதினி, இங்க வாடி! எங்க கண்ணு முன்னாடி ஒரு அடுக்கு தேய்ச்சுக் காட்டு!"

ஃபோதினி மாவுக்கட்டையைப் பிடித்த விதத்தைப் பார்த்ததுமே இராக்லிஸ் பிசைவதை விட்டு ஜன்னலருகே வந்தான். மாவு கிழிந்தது. உருட்டித் தேய்த்தாள், மறுபடியும் கிழிந்தது.

"அப்போ இத்தனை நாளும் கடையில வாங்கிட்டு வந்துதான் எங்களை ஏமாத்தினியா?" என்றாள் எலெங்கோ.

எல்லோரும் சிரித்தார்கள். ஃபோதினியின் முகம் சிவந்தது. ஆனால் அவள் அவன் பெயரைச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஏப்ரனோடு தெருவில் இறங்கினான். மூன்று வாளிகள் ஒன்றாகக் கவிழ்ந்தன.

"கொஞ்சம் தள்ளுங்க, மாவு நனையுது" என்றான், பல் கிடுகிடுக்க. கட்டையை வாங்கினான். நாலு தேய்ப்பில் மாவு மேசையின் விளிம்பைத் தாண்டித் துணிபோல் தொங்கியது.

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து காபிக்கடைக்காரன் ஸ்தேரியோஸ் கத்தினான்: "டேய் இராக்லி! சிங்கத்தைக் கொன்னவன் பேரை வச்சுக்கிட்டு இதென்ன பொம்பள வேலை? ஒரு பாவாடையும் கட்டிக்கோ!"

ஃபோதினி நிமிர்ந்தாள். "மீதிக் கதைக்கு வகுப்புல தூங்கிட்டியா? அந்த வீரன் ஓம்ஃபாலி ராணிகிட்ட அடிமையா இருந்தப்ப, அவ பாவாடையைக் கட்டிக்கிட்டுக் கம்பளி நூத்தான். சிங்கத்தோலை அவ போத்திக்கிட்டா. அதனால அவன் வீரம் குறைஞ்சு போச்சா?"

"அது அவனுக்குக் கெடச்ச தண்டனை!"

"எனக்கு இது பிடிச்சிருக்குடா" என்றான் இராக்லிஸ். சொன்ன பிறகுதான் தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது.

"ஸ்தேரியோ, உன் தலை வெளியே நீட்டிக்கிட்டிருக்கே" என்றபடி எலெங்கோ அடுத்த வாளியைத் தூக்கினாள்.

மறுநாள் காலை, காபிக்கடை ஆண்களிடம் திரும்பியதும், இராக்லிஸ் உள்ளே நுழைந்தான். சீட்டாடியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஸ்தேரியோஸ் காபியை வைத்துவிட்டு, சுத்தமாக இருந்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து கிசுகிசுத்தான்.

"அந்த மாவு கிழியாம இருக்க என்னடா போடறே?"

"ஒரு கரண்டி வினிகர்" என்றான் இராக்லிஸ், கடைசி மேசைவரை கேட்கிற மாதிரி.