நாலு போனும் நாலு டீயும்

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் இருந்த ஒரு மாதுங்கா மருந்துக்கடையில் நானும் கடைக்காரரும், மாத்திரை வாங்க வந்து போகாமல் நின்றுவிட்ட ஒரு மாமியும் இருந்தோம். அத்தான் செம்பூரில், இரானி ஓட்டல் போன் பக்கத்தில் இருந்தார். அப்பா இல்லை; டிராம்பேயில் அவருக்கு ஷிப்ட்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். ஃபோர்ட்டில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில், ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று சேர்த்திருந்தார்கள். டைப்பிங்கில், கணக்கில் குறை சொல்ல முடியாது. போன் மணி அடித்தால் மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன். முகம் தெரியாத ஆளிடம் இங்கிலீஷ் பேச நாக்கு எழவில்லை. ஹெட்கிளார்க் கவனித்துவிட்டார். திங்கட்கிழமை முதல் போன் என் மேஜையில்தான், எடுக்காவிட்டால் வேறு ஆள் என்றார்.

தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்யும் அத்தானிடம் சொன்னேன்.

"இதுக்கா மாப்ளே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே? நான் போன் போடுதேன், நீ எடு."

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் 'யெஸ்' ஒன்றுதான்.

முதல் மணிக்கு எடுத்தேன், வாய் திறக்கவில்லை. இரண்டாவதில் 'ஹலோ' வரை வந்தது. மூன்றாவதில் அத்தான் முதலாளியாகிவிட்டார். பம்பாய் இந்தியில் அவர் திட்டிய திட்டு மாமிக்கே கேட்டது.

"பதில் சொல்லேன்டா, எத்தனை நாழி வாங்கிக் கட்டிப்பே?" என்றாள்.

நான்காவதில் எனக்கு வீம்பு வந்தது. யார் பேசுவது, என்ன சரக்கு, எந்தக் கப்பல் என்று இங்கிலீஷில் அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் 'யெஸ், யெஸ்'. சரக்கு கடலில் மூழ்கிவிட்டதா என்று கேட்டேன். அதற்கும் கம்பீரமாக ஒரு 'யெஸ்'. கடைக்காரர் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஆபீஸ் போனில் அந்தப் பக்கம் யார் பேசினாலும் அவருக்கும் என் முகம் தெரியாதே, அவரும் ஏதோ ஒரு தைரியத்தில்தானே பேசுகிறார் என்று அப்போதுதான் தோன்றியது.

திங்கட்கிழமை மணி அடித்தது. சரக்கு வரவில்லை என்று ஒருவர் சீறினார். அத்தானை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். சீறியவர் குரல் மெல்ல இறங்கியது. வைக்கும்போது 'தேங்க்யூ' என்றார். ஹெட்கிளார்க் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

மாத முடிவில் வேலை நிரந்தரமாயிற்று. செய்தியோடு வீட்டுக்கு வந்த சாயங்காலம்தான் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமை போன் செலவைக் கேட்டார். அத்தான் தலையைச் சொறிந்தார்.

"நாலு போனுக்கும் சேத்து அறுவது பைசாதான் மாமா. இரானி ஓட்டல்காரன் சும்மா போன் தரமாட்டேன்னுட்டான். அதான் ஒவ்வொரு தடவையும் ஒரு டீ, வெண்ணெய் தடவுன ஒரு பன் மஸ்கா..."

ஆக மொத்தம் ஒரு ரூபாய் எண்பது பைசா.