ஒரே ஒயரில் இருபது பேர்

அவளுக்குக் ‘காய்ச்சல் அக்கா’ என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. குளிர்கிடங்கு, கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடம், கண்ணாடிக் கூரை போட்ட செடிப் பண்ணை என்று எங்கெல்லாம் சூடும் குளிரும் அளவோடு இருக்க வேண்டுமோ, அங்கெல்லாம் போய் சென்சார் மாட்டி, எந்த மூலையில் எத்தனை டிகிரி என்று ஒரு திரையில் காட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. அவளைக் கண்டதும் நெற்றியை நீட்டி, “எனக்குக் காய்ச்சல் இருக்கான்னு பாருங்கக்கா” என்று வம்பிழுப்பவர்கள் உண்டு. “காய்ச்சல் இல்ல, கொழுப்பு” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

ஐம்பது தாண்டியாயிற்று. இப்போது வேலைக்குத் தனியாகத்தான் போகிறாள். ஒரு கையில் போன், மறுகையில் சென்சார், அவ்வளவுதான். சௌகரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் ஒரு காலத்தில் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் யார்? அவளுடைய தம்பிதான் அது. ஒன்பது வயது இளையவன். கழுத்து அநியாயத்துக்கு நீளம் என்பதால் வீட்டில் அவனுக்கு ‘ஒட்டகம்’ என்று பேர்.

ஏன் இரண்டு பேர் என்று கேட்பீர்கள். ஒரு சென்சாருக்கு ஒரு ஒயர் என்று இழுத்தால் கூரை முழுக்க ஒயர்தான் தொங்கும். அதனால் நீளமாக ஒரே ஒயரை ஓட்டி, இடைவெளிவிட்டு அதிலேயே எல்லாச் சென்சாரையும் மாட்டிவிடுவார்கள். ஒயரின் முனையில் மைக்ரோகன்ட்ரோலர் என்கிற குட்டிக் கணினி வைத்த ஒரு சின்னப் பெட்டி. அது பொத்தாம்பொதுவாக ‘எத்தனை டிகிரி?’ என்று கேட்டால், எல்லாம் ஒன்றாகக் கத்தி ஒரு மண்ணும் புரியாது. அதற்காகவே ஒவ்வொரு சென்சாருக்குள்ளும், அதைச் செய்கிற இடத்திலேயே ஓர் எண்ணைப் பதித்து அனுப்புகிறார்கள். ஒன்றின் எண் இன்னொன்றுக்குக் கிடையாது. பெட்டி அந்த எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் அதற்கு உரியது மட்டும் பதில் சொல்லும். மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். நம் குடும்பங்களில் நாலு பேர் கூடிப் பேசினால் இந்த ஒழுங்கு உண்டா?

ஒரே ஒரு சிக்கல். பெட்டிக்கு எண் தெரியுமே தவிர, அந்த எண்காரர் எந்த மூலையில் தொங்குகிறார் என்பது தெரியாது. அதை ஆள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். ஒருவர் உள்ளே போய் ஒவ்வொரு சென்சாராக உள்ளங்கையில் பொத்திப் பிடிக்க, கைச்சூட்டில் அதன் டிகிரி ஏறும். வெளியே திரைக்கு முன்னால் இருப்பவர் எந்த எண் ஏறுகிறது என்று பார்த்து, “வந்துடுச்சு” என்று குரல் கொடுத்து, அதற்குப் பேர் வைப்பார். உள்ளே போகிறவன் ஒட்டகம். குரல் கொடுக்கிறவள் அக்கா.

ஆரம்பத்தில் இப்படிக் கையில் பிடித்துப் பார்க்கிற பழக்கமெல்லாம் அவர்களுக்குக் கிடையாது. தம்பி புரோகிராம் எழுதுவதில் புலி, ஆனால் அவசரக்குடுக்கை. ஒரு வண்ணமீன் கடையில், பெட்டி எந்த வரிசையில் சென்சார்களைக் கண்டுபிடித்ததோ அந்த வரிசையையே முதல் தொட்டி, இரண்டாம் தொட்டி என்று எழுதி வைத்துவிட்டான். பல மாதம் ஒழுங்காகத்தான் நடந்தது. அப்புறம் ஒரு சென்சார் செத்தது. அக்கா போய்ப் புதுசு மாட்டிவிட்டு வந்தாள். பெட்டி எண்களைத் தனக்கென்று ஒரு கணக்கில் அடுக்கும். புதுசின் எண் அந்தக் கணக்கில் முதலாவதாக வர, செத்ததற்கு முன்னால் இருந்ததெல்லாம் ஒவ்வோர் இடம் தள்ளி உட்கார்ந்துவிட்டது. குளிர்ந்தது ஒரு தொட்டி, ஹீட்டர் காய்ச்சியது பக்கத்துத் தொட்டியை.

மீன்கடைக்காரர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “மீன் வளர்க்கச் சொன்னா சூப்பு வச்சிட்டீங்களே!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். செத்த மீனுக்கெல்லாம் ஈடு கட்டிவிட்டு வீடு திரும்பும் வழியெல்லாம் அக்காளுக்கும் தம்பிக்கும் சண்டை.

“மாத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“வரிசைய நம்பி எழுதின மேதாவி யாரு? நானா?”

திருப்பத்தில் அவன், “சூப்புக்கு உப்பு போட்டோமாக்கா?” என்று கேட்க, அவள் சிரித்த சிரிப்பில் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வரிசையை நம்புவதில்லை என்று முடிவாயிற்று.

அப்படி எத்தனை இடங்கள்! குஞ்சு பொரிக்கும் கூடத்தில் அவன் சென்சாரைப் பிடித்துக்கொண்டு நிற்க, அவன் காலைச் சுற்றிக் குஞ்சுகள் கத்திய கத்தலில் அவன் சொன்னது ஒன்றும் அவளுக்குக் கேட்டதில்லை. செடிப் பண்ணையில் அவன் கையைவிடக் காற்றே சூடாக இருந்ததால், ஐஸ் துண்டை வைத்து டிகிரியை இறக்கிக் கண்டுபிடித்தார்கள். பட்டறை என்று பேர் பெற்ற அந்த ஒற்றை அறையில் ஈயப் புகைக்கு நடுவே அவள் பற்றவைக்க, அவன் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு புரோகிராம் தட்டுவான். “காலை எடுடா எருமை” என்பாள். “எருமை இல்ல, ஒட்டகம்” என்று திருத்துவான். அந்த நாட்களில் சந்தோஷமாக இருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை. வேலை இருக்கிறது என்றுதான் தோன்றியது.

பிறகு அவனுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஒன்றரை நாள் ரயிலில் போக வேண்டிய ஊர். பெரிய கம்பெனி, அவன் மூளைக்கு ஏற்ற வேலை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் முகத்தையே பார்த்தான். அவள் பற்றவைக்கும் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், “நல்லதுதானே” என்றாள். அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அம்மாவுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அவன் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக இருந்தவள், கிளம்புகிற நாள் காலையில் அக்காவை அடுக்களைக்குள் இழுத்து, “எதுக்குடி பேசாம இருக்க? நான் சொன்னா கேக்க மாட்டான். நீ ஒரு வார்த்தை போகாதேன்னு சொல்லு, நின்னுடுவான்” என்றாள். அது உண்மை. அக்காவுக்கும் தெரியும். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது.

அன்றைக்கென்று பார்த்து ஒரு ஆப்பிள் கிடங்கு வேலை பாக்கி இருந்தது. மறுநாள் லாரிகள் வந்துவிடும், இன்றைக்கே முடித்தாக வேண்டும் என்று கிடங்கு மேனேஜர் கழுத்தில் கத்தி வைத்தார். ரயில் சாயங்காலம். ஒயரில் இருபது சென்சார். தம்பி தடிமனான ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாக்கி-டாக்கியோடு உள்ளே போனான். அக்கா வெளியே, கதவின் கண்ணாடிச் சதுரத்துக்குப் பக்கத்தில், திரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“கதவோரம், மேல் தட்டு. பிடிச்சிருக்கேன்.”

“வந்துடுச்சு. அடுத்தது.”

இப்படியே பாதி ஓடியது. எண்கள் ஒவ்வொன்றாகப் பேர் பெறப் பெற, மிச்சம் எத்தனை என்று அவள் எண்ணத் தொடங்கினாள். இது முடிந்தால் அவன் போய்விடுவான். பன்னிரண்டாவதில் டிகிரி மளமளவென்று ஏறியதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, “இன்னும் வரலடா” என்றாள்.

“நல்லா பாருக்கா. விரல் மரத்துப்போச்சு.”

“வரலன்னா வரல. பிடி.”

அடுத்ததிலும் அதே பொய். உள்ளே அவன் பல் கிடுகிடுப்பது வாக்கி-டாக்கியில் கேட்டதும்தான் அவளுக்கு உறைத்தது. சீ, என்ன பிறவி நான், பிள்ளையைக் குளிரில் நிறுத்தி வைத்துக்கொண்டு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் பொய் சொல்லவில்லை. பத்தொன்பதும் முடிந்தன.

இருபதாவதைப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பத்தொன்பது எண்ணுக்கும் இடம் தெரிந்துவிட்டால், மிச்சமிருக்கும் ஓர் எண் மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்குத்தானே? சின்னக் குழந்தைக்கும் தெரியும். புரோகிராமில் புலியான ஒட்டகத்துக்குத் தெரியாதா? இருந்தும் அவன், “கடைசி ஒண்ணு, பின்சுவரு. போறேன்” என்றான். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரையில் அந்த எண் இரண்டு டிகிரியில் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு டிகிரியிலேயே இருந்தது. ஒயர் அறுந்துவிட்டதோ என்றால் இல்லை. பெட்டி கூப்பிட்ட போதெல்லாம் அது ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. டிகிரிதான் ஏறவில்லை.

“பிடிச்சிருக்கியா?” என்றாள்.

“பிடிச்சிருக்கேன்.”

எழுந்து கண்ணாடிச் சதுரத்தின் ஈரத்தை முழங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வெறும் தட்டுகளுக்கு நடுவே, அந்தக் கோடியில், அவன் நின்றுகொண்டிருந்தான். சென்சார் பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் இரண்டு கைகளும் ஜாக்கெட் பைக்குள் இருந்தன. தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்திவைத்த பிள்ளை மாதிரி நின்றான்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். இவனும்தானா? இத்தனை நாள் இவன் துள்ளிக்கொண்டு கிளம்புகிறான் என்றல்லவா பொருமிக்கொண்டிருந்தேன்! வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனாள். ஒரே ஒரு வார்த்தை. அம்மாவுக்கும் சந்தோஷம், இவனுக்கும் சந்தோஷம், தனக்கோ கேட்கவே வேண்டாம்.

அவளுக்கும் இவன் வயதில் வெளியூரில் ஒரு வேலை வந்தது. அவளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனாள். அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை. “போகாதம்மா” என்றார். அவ்வளவுதான். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அப்பாமேல் அவளுக்குக் கோபம் கிடையாது. போய்ச் சேருகிற வரைக்கும் அவரைக் கண்ணில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அந்த ஊருக்குப் போகிற ரயில் ஊதுகிற சத்தம் கேட்டால், கையில் இருக்கிற வேலையை ஒரு நிமிடம் நிறுத்தாமல் அவளால் இருக்க முடிந்ததில்லை.

திரையில் இன்னும் இரண்டு டிகிரிதான். அவள் பொத்தானை அழுத்தினாள்.

“வந்துடுச்சுடா. முடிஞ்சது.”



“எது வந்துடுச்சு? நான் இன்னும் தொடவே இல்லக்கா.”

“தெரியும். வெளிய வா. ரயிலுக்கு நேரமாச்சு.”

கனமான கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். மூக்கு சிவந்திருந்தது, குளிர் மட்டும் அதற்குக் காரணமில்லை. அவள் எதிரில் வந்து நின்றவன் ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. கடைசி எண்ணுக்கு நேராக ‘பின்சுவர்’ என்று அவள் தட்டி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா.”

“என்னடா?”

“போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்.”

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். மறைக்கவில்லை, கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

“சொன்னா நின்னுடுவடா” என்றாள். “அதான் சொல்லல.”