நடவு வரிசையில் கடைசி ஆள்

இன்று காலை நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் வாய்க்கால் கரையைச் சுத்தம் செய்தார்கள். வேலி மேல் படர்ந்து கிடந்த கோவைக்கொடியை இழுத்து அறுத்துப் போட்டார்கள். அந்தப் பச்சை வாடை என் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. கோவை இலை என்றால் மற்றவர்களுக்கு என்ன ஞாபகம் வருமோ தெரியாது, எனக்குச் சிலேட்டு ஞாபகம்தான் வரும். சிலேட்டு வந்தால் கூடவே தைலம்மையும் வந்துவிடுவாள். கூப்பிடாமல் வருகிற பழக்கம் அவளுக்கு எப்போதும் உண்டு.

தைலம்மை என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் தம்பி பெண்டாட்டி. சீர்காழிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தது. ஆள் நல்ல லட்சணம், அதை விடுங்கள். வேலையில் மந்தம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த நாளில் எங்கள் தெருவில் நடவு என்றால் நான்தான் முதல் ஆள். வயல் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்போம். ஆளுக்குக் கை எட்டுகிற அகலம். இடமிருந்து வலமாக நாற்றை ஊன்றிக்கொண்டே போய், ஓர் அடி பின்னால் வைத்து, வலமிருந்து இடமாக ஊன்றிக்கொண்டே திரும்ப வேண்டும். கை சும்மா திரும்பக் கூடாது. வரிசையின் தலையில் நிற்கிறவள் போகிற வேகத்தில்தான் மற்றவர்கள் போக வேண்டும். பாட்டை எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். நான் எடுத்துக் கொடுத்தால் அடுத்த வயலில் நிற்கிறவர்களும் சேர்ந்து பாடுவார்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பொய்யா சொல்கிறேன்?

தைலம்மை வரிசையின் கடைசி. இடமிருந்து வலமாக நட்டுக்கொண்டு போவாள். பிறகு வெறுங்கையை இழுத்துக்கொண்டு மறுபடி இடது பக்கம் வந்து புதிதாகத் தொடங்குவாள். திரும்புகிற கையில் அவளுக்கு நாற்று நிற்காது, பிடுங்கிக்கொண்டு மிதக்கும்.

"ஏண்டி தைலு, ஒன் கை போறதுக்கு மட்டுந்தான் பஸ்ஸு விடுமா, திரும்பி வர பஸ்ஸு கெடையாதா?" என்று கேட்பேன். வயலே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதுதான் எனக்குப் பிடிக்காது. திட்டினால் அழ வேண்டாமா ஒரு மனுஷி?

அது கூலித் தகராறு நடந்த காலம். சென்னையில் கறுப்பு சிவப்புக் கொடிக்காரர்கள் ஆட்சி, எங்கள் தெருவில் செங்கொடி. மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை வயலில் இறக்குவார்கள், நாங்கள் வரப்பில் போய் மறித்து நிற்போம், போலீஸ் வேன் வரும். ஒருமுறை அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றிப் போனார்கள். நானும் தைலம்மையும் ஒரே தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு போய் நன்னிலத்தில் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அப்போது அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவள் அழுதாள், நான் தேற்றினேன். அது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முதியோர் கல்வி என்று வந்தது. எனக்கு முப்பது வயதுகூட இருக்காது. யாரைப் பார்த்து முதியோர் என்கிறீர்கள் என்று டீச்சரிடம் சண்டைக்கே போனேன். டீச்சர் கும்பகோணத்துப் பெண், கண்ணாடி போட்டிருக்கும், சாயங்கால பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போகும். களத்தில் ஒரு கீற்றுக் கொட்டகை. சேற்றுக்காலைக் கழுவிவிட்டு அப்படியே போய் உட்காருவோம். ஆளுக்கு ஒரு சிலேட்டு கொடுத்தார்கள். பலப்பமும் கொடுத்தார்கள், ஆனால் அதில் பாதியை மசக்கைக்காரிகள் தின்றுவிட்டார்கள். சிலேட்டு வெளுத்துப் போனால் கோவை இலையையும் கரியையும் வைத்துத் தேய்த்துக் கறுப்பாக்குவோம். கொட்டகை முழுக்க அந்த வாடைதான்.

ஒருநாள் டீச்சர் அ, ஆ, இ, ஈ என்று ஒரு வரி எழுதிப் போட்டு, சிலேட்டு நிறைய அதையே வரி வரியாக எழுதச் சொன்னார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் வரியை வலது ஓரம் வரை எழுதினேன். அடுத்த வரியை அந்த ஓரத்திலேயே தொடங்கி இடது பக்கமாக எழுதிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், அவர்களும் அப்படியே எழுதினார்கள். வயலிலும் என்னைப் பார்த்துத்தானே கை வைப்பார்கள்.

டீச்சர் ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "என்னங்க இது, ஒரு வரி விட்டு ஒரு வரி எல்லாரும் திருப்பி எழுதியிருக்கீங்க?"

"கைதான் அந்தப் பக்கம் வந்துருச்சே டீச்சர். சும்மா எதுக்குத் திரும்பணும்?" என்றேன்.

டீச்சருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கடைசியில் உட்கார்ந்திருந்த தைலம்மையின் சிலேட்டை வாங்கித் தூக்கிக் காட்டினார். "இவங்க எழுதியிருக்கறதப் பாருங்க. இப்படித்தான் எழுதணும்."

ஒவ்வொரு வரியும் இடது பக்கத்திலிருந்து. வெறுங்கையோடு திரும்பியதற்கு வயலில் நான் ஏசினேன், அதற்கே கொட்டகையில் டீச்சர் மெச்சினார். இது என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. தீப்பெட்டியைப் படித்தாள், சோப்பு உறையைப் படித்தாள், மளிகை கட்டி வந்த காகிதத்தைப் பிரித்து நீவி வைத்துக்கொண்டு படித்தாள். நான் இன்னும் 'கா'வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஒருநாள் செங்கொடிச் சங்கத்து நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் கை நீட்டினேன். "ஒனக்கு எதுக்கு? தைலம்மைகிட்ட குடு, படிச்சுச் சொல்லும்" என்றார். அன்று ராத்திரி அவருக்குப் பழையதும் வெங்காயமும்தான் கிடைத்தது.

அந்த வருடம் நன்னிலத்தில் தாசில்தார் முன்னால் பேசி ஒரு கூலி முடிவு செய்தார்கள். பேசியதை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லி முந்திய வருடம் மண்டை உடைந்ததால், இந்தத் தடவை எழுதிக் கொடுத்தார்கள். களத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் கூடினோம். மிராசுதாருடைய காரியக்காரர் வாசிக்க எழுந்தார். சங்கத்துத் தம்பி, "எங்க ஆளே வாசிக்கட்டும். நடவுக்காரப் பொம்பளைல ஒருத்தர் வரட்டும்" என்றது.

நடவுக்காரப் பெண்களில் ஒருத்தர் என்றால் யார்? நான் முந்தானையைச் சொருகிக்கொண்டு எழுந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஆனால் எழுந்தவள் எப்படி உட்காருவது? எனக்குப் பின்னாலிருந்து நாலைந்து பேர், "தைலம்மை, நீ போ" என்றார்கள். என் பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள்தான் அவ்வளவு பேரும்.

அவள் என்னைத் தாண்டித்தான் போனாள். தாளை வாங்கிக்கொண்டு வெயிலில் நின்றாள். காரியக்காரர் தான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டார். "நெழல்ல வந்து உக்காந்து படிங்க" என்றார்.

அந்த மனுஷர் என்னை என்றைக்கும் 'ஏ புள்ள' என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பெஞ்சில் எங்கள் தெரு ஆள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவர் காரியம் பார்க்கிற நிலத்தில் பாதியை இந்தக் கையால் நட்டவள் நான். மரியாதை கிடைத்ததென்னவோ எழுத்துக்கூட்டி வாசித்தவளுக்கு. அவள் உட்கார்ந்தாள், திக்கித் திக்கி முழுவதும் வாசித்தாள். ஊருக்குக் கூலி கிடைத்தது. எனக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் நடவு. அவள் எப்போதும்போலக் கடைசியில்தான் நின்றாள். நான் தலையில் நின்று பாட்டை எடுத்தேன். வாங்கிப் பாட ஆளில்லை. கடைசியில் தைலம்மை ஏதோ பேப்பரில் படித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள், எல்லாருடைய காதும் அந்தப் பக்கம் இருந்தது. சிரிப்பு அங்கே கிளம்பி, ஒவ்வொரு ஆளாகத் தாண்டி, கடைசியாக என்னிடம் வந்து சேர்ந்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே நான் நட்டுக்கொண்டிருந்தேன். தலை எது, வால் எது என்று அன்றைக்கு மாறிப்போனது, மாறினதுதான்.

கொஞ்ச நாளில் டீச்சர் வருவது நின்றது. திட்டம் முடிந்துவிட்டதாம். கொட்டகையைக் காற்று கொண்டுபோயிற்று. தைலம்மை வந்து, "அக்கா, சாயங்காலம் நம்ம வூட்டுக்கு வாங்களேன், மிச்சத்தை நான் சொல்லித் தர்றேன்" என்றாள்.

"ஒன் வாசல்ல வந்து ஒக்காந்துதான் நான் படிக்கணுமா? வேலையப் பாருடி" என்றேன்.

யாரிடமும் போகவில்லை. நன்னிலம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, வருகிற பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். கும்பகோணம் என்ற பெயரில் உள்ள கொம்பும் காலும் பிடிபட ஒரு மழைக்காலம் ஆயிற்று. பஸ் முடிந்து கடைப் பலகை, கடை முடிந்து கட்சிச் சுவர். ஆசையால் படித்தவர்கள் உண்டு, நான் எரிச்சலில் படித்தேன். ஒருநாள் அவள் எதிரில் பேப்பரை விரித்து, தடங்கல் இல்லாமல் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். அவள் வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. எனக்குத் தடங்கல் நிற்பதற்குள் அவள் மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள். நடவுக்கும் மிஷின் வந்துவிட்டது. ஒரு ஆள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போகிறான், பாட்டு அவன் செல்போனில் பாடுகிறது.

போன புரட்டாசியில் பஸ் நிறுத்தத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நடுவில் தைலம்மை, தலையெல்லாம் நரைத்து. சேதி முதல் நாளே திருப்பூரிலிருந்து போனில் வந்திருந்தது, தாளை அவள் மகன் ஒட்டச் சொன்னதாம். கீழே அவள் பெயர், என் கை நீளத்துக்கு. பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, என் பெயரை இவ்வளவு பெரிதாக எந்தச் சுவரிலும் எவரும் போட்டதில்லையே என்பதுதான். அப்புறம்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

முந்தானையால் துடைத்துக்கொண்டு, மேலேயிருந்து கீழே வரை சத்தமாக வாசித்தேன். ஓரிடத்திலும் தடங்கவில்லை. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, உறவா என்று கேட்டது. ஓரகத்தி என்றேன்.

ஐப்பசி மழையில் தாள் ஊறி உரிந்தது. படம் முதலில் போயிற்று. பெயரில் 'தை' மட்டும் கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருந்தது. போகும்போதும் வரும்போதும் அதைப் படித்தேன். பொங்கலுக்குப் பஞ்சாயத்தில் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். இப்போது அங்கே நின்றால் படிக்க ஒன்றும் இல்லை.