நகல் கொடுக்கும் மெக்கானிக்

பதினோரு மாடிக் கட்டடத்தின் வாசலில் காவலாளி அடையாள அட்டைக்காகக் கையை நீட்டுகிறார். லிப்ட் மெக்கானிக்கும் பதிலுக்குக் கையை நீட்டுகிறார். "முதல்ல உங்களோடதைக் காட்டுங்க."

"அண்ணே, மாசம் ரெண்டு தடவை வர்றீங்க. என் மூஞ்சி தெரியாதா?"

"மூஞ்சி தெரியும். இந்தச் சட்டையை யாரு வேணும்னாலும் தைச்சுக்கலாம்ல?"

காவலாளி தலையில் அடித்துக்கொண்டு தன் அட்டையைக் காட்டுவார். அதற்கப்புறம்தான் மெக்கானிக்கின் பையிலிருந்து ஒரு தாள் வெளியே வரும். அதுவும் அட்டையின் நகல்தான்.

கயிறு முனகுகிற சத்தத்தை வைத்தே எந்த மாடியில் கோளாறு என்று சொல்லிவிடுகிற ஆள். ஆனால் வாசல்தோறும் அட்டையைக் கொடுத்துக் கொடுத்தே வளர்ந்த தொழில். அப்போதெல்லாம் சீருடை போட்ட ஒருவர் கையை நீட்டினால் இவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குள் போய்விடும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பியபோது, பேருந்து நிலையத்தில் ஒரு சீருடை, "போலீஸ், பாஸ்போர்ட்" என்றது. யோசிக்கவே இல்லை, கொடுத்துவிட்டார். சீருடை கூட்டத்தில் கரைந்துபோனது. தூதரக வாசலில் தவம் கிடந்து வீடு திரும்ப ஒரு மாதம் ஆயிற்று. கூடப்பிறந்த தம்பியின் கல்யாணத்தை போட்டோவில்தான் பார்த்தார்.

"திருடன் என்னை ஏமாத்தலைங்க. என் கைதான் ஏமாத்திருச்சு" என்பார்.

போன மாதம் மனைவியோடு மறுபடியும் விமானம் ஏறினார். வெளிநாட்டில் மகள் படித்து முடித்திருந்தாள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அதுதான் முதல் பட்டம். போய் இறங்கியதற்கு மறுநாள் காலையில் பட்டமளிப்பு விழா. பாஸ்போர்ட்டைக் காட்டினால்தான் அரங்கத்துக்குள் விடுவார்கள் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வந்த ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு சீருடைகள் வழிமறித்தன. "போலீஸ். பாஸ்போர்ட்." மனைவியின் கை பைக்குள் போனது.

"எடுக்காத."

"போலீஸுங்க! புடிச்சு உள்ள போட்டுட்டா?"

"போடட்டும். நெசப் போலீஸ்னா ஸ்டேஷன் இருக்கும்ல? அங்க போய்க் குடுப்போம்."

பாஸ்போர்ட்டின் நகலை நீட்டினார். ஒருவன் அதைத் தட்டிவிட்டு மனைவியுடைய பையின் வாரைப் பிடித்தான்.  மெக்கானிக் மனைவியின் தோளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி, "ஸ்டேஷன்! கம்! வாக்!" என்று கத்தியபடியே, கண்ணாடிக்குப் பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்த டிக்கெட் கவுன்டரைப் பார்த்து நடந்தார். வாரைப் பிடித்த கை நழுவியது. கவுன்டரை எட்டித் திரும்பிப் பார்த்தால் இருவரையும் காணோம்.

"ஓடிட்டானுங்களா?"

"ஓடிட்டானுங்க." அப்படியே பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, காலு இந்த ஆட்டம் ஆடுது?"

"ஆடட்டும் விடு. அதுக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு."

மறுநாள் அரங்க வாசலில், பெயர்ப் பட்டியலோடு நின்ற பெண் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

"இவங்க எங்க காலேஜ்தான்ப்பா, குடுங்க" என்றாள் பட்டமளிப்பு அங்கி போட்டிருந்த மகள்.

மெக்கானிக் இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினார். அந்தப் பெண் வாங்கப் பார்த்தாள், வரவில்லை. லேசாக இழுத்தும் பார்த்தாள். மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.