மாப்பிள்ளை விளக்கு

இதை எழுத நான் பல வருஷமாகத் தயங்கினேன். நோட்டை எடுப்பேன், மேலே ஒரு சிலுவை போடுவேன், தேதி எழுதுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவன், எழுத்து வராது என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான் காரணம். எழுதினால் என் பெயர் கெடும், எழுதாவிட்டால் இன்னொருவர் பெயர் கெட்டபடியே கிடக்கும். இத்தனை வருஷமும் என் பெயரைத்தான் காப்பாற்றிக்கொண்டேன்.

எனக்கு ஊர் ஆவூர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றேன். கடைசி ஐந்து வருஷம் நான் வேலை பார்த்தது பறக்காத ஒரு ஹெலிகாப்டரில். சிமுலேட்டர் என்பார்கள். நிஜ ஹெலிகாப்டரின் முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்தது போல ஒரு அறை. அதை ஆறு இரும்புக் கால்கள் தாங்கிப் பிடித்து ஆட்டும். முன்னால் வளைந்த பெரிய திரையில் மலை, பனி, ஆறு எல்லாம் ஓடும். விமானிகள் மலைக்குப் போகும் முன் இங்கே உட்கார்ந்து பழகிவிட்டுத்தான் போக வேண்டும்.

எனக்கு இடம் பின்னால், ஒரு மேஜை முன். அங்கிருந்து பொத்தானை அழுத்தினால் திரையில் மூடுபனி இறங்கும், இன்னொன்றை அழுத்தினால் ஒரு எஞ்சின் நின்றுபோகும். ஆண்டவர் மன்னிக்கட்டும், அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்தது. எல்லாம் அவ்வளவு நிஜமாக இருக்கும். இறங்கும்போது விசிறி கிளப்பும் பனித்தூளில் திரை முழுக்க வெளுத்துப்போகும், பாதத்தில் அதிர்வு ஏறும். இருபது வருஷம் பறந்த பெரிய அதிகாரி ஒருவர் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதில் சில கோளாறுகளும் உண்டு. ஒரு இறங்குதளத்துக்குப் பக்கத்தில் இரண்டு பைன் மரங்கள் தரையில் வேர் படாமல் ஒரு சாண் மேலே நிற்கும். ஒரு ஆற்றில் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடும். சாயங்கால வெயில் வைத்தால் எங்கள் ஹெலிகாப்டருக்கு இரண்டு நிழல் விழும். இவற்றால் யாருக்கும் கெடுதல் இல்லை, சிரிப்போம், அவ்வளவுதான்.

விளக்கு விஷயம் வேறு. மேலே சுழலும் விசிறியைத் திருப்புவது ஒரு கியர்பாக்ஸ். அதில் எண்ணெய் அழுத்தம் குறைந்தால் விமானி முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். நிஜத்தில் அது எரிந்தால் பக்கத்து மீட்டரில் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் கிடைத்த இடத்தில் உடனே இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் விசிறியே நின்றுபோகும். எங்கள் சிமுலேட்டரில் வேகத்தைக் குறைத்து இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் அந்த விளக்கு சும்மா எரியும். முள் அசையாமல் நிற்கும். விளக்கை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் அணைந்துவிடும்.

கோளாறுப் பதிவேட்டில் எழுதினேன். கம்பெனி ஆட்கள் வந்து இரண்டு நாள் இருந்து சரியாகிவிட்டது என்றார்கள். அடுத்த வாரம் விளக்கு மறுபடியும் எரிந்தது. மறுபடியும் எழுதினேன். நாலாவது தடவை அதைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள். தெரிந்த கோளாறு, பயிற்சிக்குத் தடை இல்லை என்று ஒதுக்குகிற பக்கம் அது. அங்கே போன எதுவும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் அந்தக் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். மரம், ஆறு, நிழல், விளக்கு என்று நான் வாசிப்பேன், எல்லாரும் சிரிப்பார்கள். அந்த விளக்குக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்ததும் நான்தான். வடநாட்டுக்காரர்கள்கூட அதைத் தங்கள் பாஷையில் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஒரு இளம் கேப்டன் பயிற்சிக்கு வந்தார். என் இந்தியைக் கேட்டதுமே, "அண்ணே, நீங்க எந்தப் பக்கம்?" என்றார்.

"ஆவூருங்க சார்."

"அட, நம்ம மாவட்டம். நான் திருமயத்துக்கு அங்கிட்டு."

அதிலிருந்து ஆள் இல்லாதபோது என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஊர் ஞாபகத்தில் எதையாவது பேசுவோம். பதிவேட்டை வாசித்துக் காட்டியிருந்தும், முதல் தடவை அந்த விளக்கு எரிந்தபோது அவர் விறைத்துப்போய் கீழே பள்ளத்தில் இறங்க இடம் தேடினார். சரியாகத்தான் செய்தார். நான் காதுக்கருவியில் சொன்னேன்:

"சார், அது மாப்பிள்ளை. சும்மா வருவாரு. ஒரு தட்டு தட்டுங்க, போயிருவாரு."

அவர் சிரித்துவிட்டார். "கூப்பிடாமலே வர்றாரே அண்ணே?"

"மாப்பிள்ளைன்னா அப்படித்தான சார்."

அதற்கப்புறம் அந்த விளக்கு வந்தால் அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கொசு அடிப்பது போல ஒரு தட்டு, வாயில் ஒரு சிரிப்பு. மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் பழகிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷம். முதலில் முள்ளைப் பாருங்க, பிறகு தட்டுங்க என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பாதியைத்தான் சொன்னேன். சிமுலேட்டரில் முள் ஒருநாளும் அசையாததால் மறுபாதி எனக்குத் தோன்றவே இல்லை.

எட்டு மாசம் கழித்து நிஜ மலையில், நிஜ ஹெலிகாப்டரில், ஒரு இறங்குதளத்தை நெருங்கி வேகம் குறைத்து அவர் இடது பக்கம் திரும்பியபோது அந்த விளக்கு எரிந்தது. இந்தத் தடவை அது பொய் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த விமானி பிறகு விசாரணையில் சொன்னார்: இவர் சிரித்தார், தன் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார், விளக்கைத் தட்டிவிட்டுத் தொடர்ந்து ஓட்டினார். சில நிமிஷத்தில் சரிவில் விழுந்தார்கள். மற்றவருக்குக் கை முறிந்தது. கேப்டனுக்கு முதுகெலும்பு. உயிர் தப்பினார்கள் என்பதற்கு இன்றைக்கும் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.

கேப்டன் எச்சரிக்கையை அலட்சியம் செய்தார் என்று விசாரணை முடிந்தது. அந்த வார்த்தை என்னவென்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டார். சொல்லியிருந்தால் நேராக என் நாற்காலிக்கு வந்திருப்பார்கள். எனக்கு ஓய்வு பெற அப்போது மூன்று மாசம் பாக்கி. ஆபீஸ் எழுத்தர் டீ குடிக்கும்போது இதையெல்லாம் சொல்லி, உன் ஊர்க்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று என்னிடமே கேட்டார். தெரியாது என்று சொல்லி டீ கிளாஸைக் கழுவப் போனேன். கழுவின கிளாஸையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். கடலை போட்டேன், போர்வெல்லுக்கு அலைந்தேன், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், பொய்யாக எரிந்த ஒரு விளக்கைப் பற்றி அலட்சியமாக இருந்தேன் என்று சொன்னேன். சாமியாருக்குச் சின்ன வயசு. திருவிழா சீரியல் விளக்கு என்று நினைத்தாரோ என்னவோ, மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். அவர் மேல் குற்றம் இல்லை. அந்தக் கேப்டனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அவரிடமும் பாதிதான் சொன்னேன். பாதிப் பாவத்தை மறைத்துக்கொண்டு நற்கருணை வாங்க எனக்குத் துணிவு வரவில்லை. அதிலிருந்து நற்கருணை வாங்க மனைவி மட்டும் எழுந்து போவாள், நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

போன தபசு காலத்தில் என் நாற்காலியில் இப்போது இருப்பவருக்குப் போன் பண்ணினேன். அவரும் தமிழர், நான் வேலை பழக்கியவர். குடும்பம் குழந்தைகளை விசாரித்துவிட்டு, சிமுலேட்டர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"புதுக் கம்ப்யூட்டர் போட்டாச்சுண்ணே. பனி நெசமாவே விழுகுற மாதிரி இருக்கு. மரமெல்லாம் தரையில நிக்குது."

"அந்த விளக்கு?"

"மாப்பிள்ளையா? அவரு எங்க போவாரு. நீங்க சொல்லிக்குடுத்ததத்தான் நானும் எல்லாருக்கும் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

முதலில் முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி, அதற்கப்புறம்தான் தட்டச் சொல்ல வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். சரிண்ணே என்றார், சிரித்துக்கொண்டே. அவர் காதில் ஏறியதா என்று தெரியவில்லை.

அன்றைக்கே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பென்ஷனுக்கு ஏதாவது வருமோ என்று பயப்படுவாள் என நினைத்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தை அப்படியே கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு ஒடம்புல என்னமோ செய்யுது, அதான் எந்திரிக்க மாட்டேங்குறீங்கன்னு நெனச்சேன்," என்றாள். "நாளைக்கே போயிட்டு வாங்க."

புதுக்கோட்டையில் பஸ் மாறித் திருமயம் போனேன். அங்கிருந்து விசாரித்து அந்த ஊருக்குப் போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தவர் கேப்டனின் அப்பா. எழுபது வயசுக்கு மேல் இருக்கும். புதுக்கோட்டையில் இரும்புக்கடை வைத்திருந்து மூடிவிட்டவர். உங்கள் மகனோடு வேலை பார்த்தேன் என்றதும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் வாங்க என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். மகனைக் கூப்பிட்டார். கம்பு ஊன்றிக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவுக்குத் தெரியாமல் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் சொல்லிவிட்டேன். அந்தச் சிரிப்பு எங்கே பழகியது, அந்த வார்த்தை யாருடையது, எல்லாவற்றையும் சொன்னேன். சிமுலேட்டர் என்றால் என்னவென்று பெரியவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று முழித்தபோது அவரே உதவினார்.

"எங்க கடைத் தராசு ஒண்ணு அப்படித்தான். ஒரு தட்டு தட்டுனாத்தான் முள்ளு நேரா நிக்கும். பையங்க எல்லாத் தராசையும் தட்டப் பழகிட்டாங்க," என்றார். அப்புறம் மகன் பக்கம் திரும்பினார். "இவுக சொல்றது மெய்யாப்பா?"

"ஆமா அப்பச்சி," என்றார் கேப்டன் அப்பாவிடம்.

"அந்த வார்த்தை என்னன்னு கேட்டாகள்ல. ஏன் சொல்லல?"

"அண்ணனுக்கு மூணு மாசந்தான் பாக்கி இருந்துச்சு." கம்பைக் கை மாற்றிக்கொண்டார். "முள்ளப் பாக்காதது நாந்தான் அப்பச்சி. அத இவரு மேல போடாதீங்க."

பெரியவர் மகனை உட்காரச் சொன்னார். பிறகு, "எம்மவன் ஆபத்துல சிரிச்சவன்னு சொந்தக்காரவுக கிட்ட நானே சொல்லியிருக்கேன். இவன் முன்னாடி வச்சே சொல்லியிருக்கேன்," என்றார்.

மன்னிச்சுக்கங்க ஐயா என்று எழுந்து நின்றேன். "அத என்கிட்ட கேக்காதீங்க," என்றார். மகன் பக்கம் திரும்பினேன். கையைக் கூப்பினேன்.

"காப்பி ஆறுது அண்ணே, குடிங்க," என்றார் அவர். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. குடித்தேன்.

வாசல் வரை வந்த பெரியவர், "எழுதிக் குடுங்க. வாயால சொன்னா நாலு வாய் மாறுறதுக்குள்ள வேற கதையாயிரும்," என்றார். அவர் வாயாலேயே ஒரு தடவை வேறு கதையானது அது.

மூன்று பிரதி எழுதினேன். ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றை எங்கள் பிரிவின் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கிடைத்ததற்கு அத்தாட்சி அட்டை வந்தது, வேறு எதுவும் வரவில்லை. பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் இந்தத் தடவை முழுசாகச் சொன்னேன். மனைவியோடு எழுந்து போய் நற்கருணை வாங்கினேன். ஆனாலும் நிம்மதி இல்லை. நான் முழங்காலில் இருக்கும் இதே நேரத்தில் அந்தக் குளிர்ந்த அறையில் ஒரு பிள்ளை இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும், விளக்கு எரியும், பின்னாலிருந்து என் வார்த்தை கேட்கும்.

மூன்றாவது பிரதிதான் இது, அதற்கப்புறம் நடந்ததையும் இதில் சேர்த்திருக்கிறேன். உங்கள் வீட்டிலோ உறவிலோ இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் இருந்தால் இதைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றும் மாற்ற வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். என்மேல் இரக்கப்பட்டு மாப்பிள்ளை என்ற பேச்சை எடுத்துவிடாதீர்கள். அவர் மேல் பாசப்பட்டு, அவர் சிரித்ததையும் முள்ளைப் பார்க்காததையும் மறைத்துவிடாதீர்கள். மறைத்தால் அவரே ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்தப் பாதியையும் இதோடு சேர்த்தே சொல்லுங்கள்.