பாலத்துக்கு அந்தப் பக்கத்து நாய்கள்

இலங்கையில் ஓநாய்கள் இல்லை. ஆயினும், ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு கூட்டம் தன் எல்லையை மற்றொரு கூட்டத்திடமிருந்து காப்பதைப் பார்க்க வேண்டுமானால் மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் போகச் சொன்னார் நண்பர். சென்ற மார்ச்சில் மூன்று நாள் விடுப்பெடுத்துப் போனேன்.

பஸ் நிறுத்தத்திலிருந்து தேயிலைத் தோட்டம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்குத் தொள்ளாயிரம் ரூபாய். தோட்டத்தை ஓர் ஆறு மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று பிரிக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒடுங்கிய பாலம் ஒன்றே. இரு பக்கத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களின் நாய்களும் அதன் நடுவை எல்லையாக வைத்திருக்கின்றன. தாண்டிய நாய் கடிபடாமல் திரும்புவதில்லை.

மேல் டிவிஷனில் என் அறையில் பையை வைத்துவிட்டுப் பாலத்தைப் பார்க்கக் கிளம்பியதும், ஆட்டோ ஓட்டுநர் தியாகு வண்டியை நிறுத்தினார்.

"சார், நம்ம நாயி ஒண்ணு, ஏத்திக்கிறலாங்களா?"

திருமணத்துக்குப் பின் அவர் கீழ் டிவிஷனில் மாமியார் வீட்டில் குடியிருக்கிறார். அவருடைய நாய் ஜிம்மி மேலே தம்பியிடம் இருந்தது. மறுநாள் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போகிறார். அதன்பின் சோறு வைக்க ஆளில்லை. இதற்குமுன் இருமுறை கீழே கொண்டுபோயும், மற்ற நாய்கள் விரட்டிவிட்டன. விலங்குகளோடு இருக்கையைப் பகிர்வதில்லை என்பது என் விதி. ஜிம்மி இருக்கையில் ஏறவில்லை; என் காலில் இருந்த சப்பாத்தின்மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

பாலத்தைக் கடந்ததும் எட்டு நாய்கள் வண்டியைச் சூழ்ந்தன. தியாகுவின் மாமியார் பாக்கியம் சாக்கோடு வந்தார்.

"மாப்பிள்ள, ஒங்களயே இதுக மூணு மாசம் கொலச்சுச்சுங்க. இத விட்ருமாக்கும்?"

"நீங்களுந்தானே அத்த கொலச்சீங்க!"

அவர் சிரித்துக்கொண்டே, தம் நாய்கள் படுக்கும் அந்தச் சாக்கால் ஜிம்மியின் உடலைத் தேய்த்தார். "இப்ப நம்ம வாசம்."

இறக்கிவிட்டதும் ஜிம்மி வண்டிக்கு அடியில் புகுந்தது. கிழட்டுக் கறுப்பு நாய் ஒன்று குனிந்து நெடுநேரம் மோந்தது; கடிக்கவில்லை. நான் மேல் டிவிஷனிலிருந்த என் அறைக்குத் திரும்பும்வரை ஜிம்மி வெளியே வரவில்லை.

"காலையில இருந்தாத்தான் நிச்சயம் சார்," என்றார் தியாகு.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாலத்தில் நடக்கும்போது கையில் உணவு வேண்டாம். ஓட வேண்டாம். நடுவில் நின்று, அந்தப் பக்கத்தார் அழைக்கும்வரை காத்திருங்கள்.

மறுநாள் காலை அப்படித்தான் நின்றேன். மேல் டிவிஷன் நாய்கள் என் பின்னால் வந்து நடுப்பாலத்தில் நின்றுவிட்டன. எதிரே கீழ் டிவிஷன் கூட்டம். அதன் முன்வரிசையில், எல்லோரையும்விட உரக்க, எங்களைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது ஜிம்மி.

"ஏய் ஜிம்மி, நம்ம சாருதான், விடு!" என்றார் பாக்கியம்.

அது என் சப்பாத்தை மோந்து பார்த்துவிட்டு, வழிவிட்டது.