பரங்கிப் பிஞ்சும் அம்மாவின் விரலும்

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பரங்கிப் பூவுக்கு மகரந்தம் தொட்டு வைத்தது. பூ விடியலில் விரியும். வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். நீளக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. அடியில் கோலிக்குண்டளவு பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவுக்குள் தேய்க்க வேண்டும். தோட்டக்கலை படித்த நான்தான் பருவத் தொடக்கத்தில் இதைச் சொன்னேன்.

"மருந்து துன்னு தேனீ எல்லாம் செத்துப்போச்சி. அது வேலைய என்னைச் செய்ய வெச்சிட்டான் பாரு, தடியன்," என்றாள் அம்மா.

தடியன் என்றது அடுத்த வீட்டு அண்ணாதுரையை. பூ விரிந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் தன் கத்திரிக்கு மருந்தடிப்பான். மகரந்தம் சேராத பிஞ்சு மஞ்சளித்து அழுகி விழும். இதில் மர்மம் ஒன்றுமில்லை.

அவன் மனைவி சந்திரம்மாவுக்கு மர்மம் தேவைப்பட்டது. பரங்கிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடுமாம். சத்தியவேட்டுப் பக்கத்தில் இதை நம்பாதவர் இல்லை. பட்டம் வாங்கியவர்களும் விரலை மடக்கித்தான் காட்டுகிறார்கள். தன் கொடியில் பிஞ்சு அழுகி விழுந்ததும், அம்மா காட்டிவிட்டாள், அதுவும் தாலியறுத்த விரலால், என்று சந்திரம்மா ஊரெல்லாம் சொன்னாள். குழாயடியில் அம்மா வந்தால் பெண்கள் குடத்தை நகர்த்தினார்கள்.

அம்மா பெயர் சுந்தரி. நைனா போனபின் மாடு வைத்துப் பால் ஊற்றி என்னைப் படிக்கவைத்தவள். குரல் தாழ்த்தத் தெரியாது. நேரே வேலிக்குப் போய் விரலை நீட்டினாள்.

"தோ இது, தோ அது. ஒண்ணு விடாம காட்டிட்டேன். ஊர்ல சொல்லு, போ."

எங்கள் கொடியில் காய் பிடித்தது. சந்திரம்மா வேலியோரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உன்துல மட்டும் எப்டிக்கா நிக்குது?"

"இந்த வெரல்தான் வெச்சிது. ஒனக்கும் வெக்கட்டுமா?"

சந்திரம்மா யோசித்தாள். "வெள்ளிக்கெழம வேணாங்க்கா. சனிக்கெழம வா."

"காய் நின்னா அவ வாய் மூடிக்கும். அதுக்குத்தான்டி போறேன்," என்றாள் அம்மா என்னிடம்.

வியாழக்கிழமை மாட்டுக் கொட்டகையில் விழுந்தாள். திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாள். சாவு வீட்டில் சந்திரம்மா நன்றாகவே அழுதாள். அழுது முடித்து, "இனிமேலாவது பிஞ்சு நிக்கும்," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். மெல்லக்கூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை வேலிக்கு அந்தப் பக்கம் பெண் பூக்கள் விரிந்திருந்தன. அம்மா போகவேண்டிய வேலை. நான் போகவில்லை.